நேற்றைப் படித்து நாளையைச் சொல்லும் இயந்திரம்



மழைக்காலத்தில் வானிலை பற்றிப் பேச வருகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. மேடையை விட்டு இறங்குவதற்குள் நான்கு பேராவது, "சார், நாளைக்கு ஸ்கூல் லீவு விடுவாங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அது மாவட்ட ஆட்சியர் கையில் இருக்கிறது. அந்த ஆட்சியரின் மேசைக்கு வந்து சேரும் கணிப்பு கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் எப்படி உருமாறி வருகிறது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊரில் ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலைக் கணிப்பு மையம் இருக்கிறது. 1975இல் ஐரோப்பிய நாடுகள் கூட்டாகச் சேர்ந்து அமைத்த நிறுவனம். பத்து நாள் கணிப்பில் உலகத்துக்கே அதுதான் அளவுகோல். அந்த மையம் 2025 பிப்ரவரி 25 முதல் இரண்டு கணிப்புகளை அருகருகே வெளியிட்டு வருகிறது. ஒன்று, இயற்பியல் சமன்பாடுகளை மீத்திறன் கணினியில் தீர்த்துப் பெறுவது. மற்றதற்கு நியூட்டனின் விதி தெரியாது. ஈரக்காற்று மேலே ஏறினால் குளிர்ந்து மேகமாகும் என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. பழைய வானிலையைப் படித்துப் படித்து, இப்போது இப்படி இருந்தால் ஆறு மணி நேரம் கழித்து எப்படி இருக்கும் என்று பழகிக்கொண்ட செயற்கை நுண்ணறிவு அது. பல அளவைகளில் இந்த இரண்டாவதுதான் முந்துகிறது, சிலவற்றில் 20 சதவீதம் வரை. செலவாகும் மின்சாரமோ ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதைச் சொன்னதும் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "சூப்பர் கம்ப்யூட்டர் காலம் முடிந்தது, இனி எல்லாமே ஏஐ" என்பது ஒரு கட்சி. "காரணம் தெரியாமல் காரியத்தை மட்டும் சொல்வது ஜோசியம்" என்பது எதிர்க்கட்சி. இரண்டுமே அவசரப் பேச்சு. இந்த இயந்திரம் எதைப் படித்தது, அந்தப் பாடப்புத்தகத்தை எழுதியது யார் என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு கட்சியும் கொஞ்சம் தயங்கும். இன்றைக்கு என் பேச்சு பெரும்பாலும் அந்தப் பாடப்புத்தகத்தைப் பற்றியதுதான்.

வானிலையைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்று 1904இல் தெளிவாக எழுதிவைத்தவர் நார்வே நாட்டு இயற்பியலாளர் வில்ஹெல்ம் பியர்க்னஸ். காற்று இந்த நிமிடம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு எந்த விதிப்படி மாறும் என்றும் தெரிய வேண்டும். இரண்டும் கையில் இருந்தால் மிச்சம் கணக்குதான் என்பது அவர் வாதம். அதை உண்மையிலேயே போட்டுப் பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர்.

ரிச்சர்ட்சனிடம் கொஞ்சம் நின்று போகலாம். அவர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர், ஆயுதம் எடுக்க மாட்டார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்தார். காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கிய நேரம் போக மிச்ச நேரத்தில், 1910 மே 20 அன்று மத்திய ஐரோப்பாவில் பதிவான அளவீடுகளை வைத்துக்கொண்டு, அடுத்த ஆறு மணி நேரத்தில் வானிலை எப்படி மாறியிருக்க வேண்டும் என்று கையாலேயே கணக்கிட்டார். ஆறு மணி நேரக் கணிப்புக்கு ஏறக்குறைய ஆறு வாரம் பிடித்தது. 1917இல் சண்டைக்கு நடுவே கையெழுத்துப் பிரதி தொலைந்தது. மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. 1922இல் புத்தகமாக வந்தது.

விடை படுதோல்வி. ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும் என்று கணக்கு சொன்னது. நம் கரைக்கு வரும் புயலின் மையத்தில் முப்பது, நாற்பது ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே மரங்கள் வேரோடு சாய்கின்றன. 145 என்பது இந்த உலகத்துக் கணக்கே இல்லை. அன்றைக்கு ஐரோப்பாவில் அழுத்தம் அநேகமாக அசையவே இல்லை.

அந்தத் தவறான விடையை ரிச்சர்ட்சன் ஒளிக்காமல் அப்படியே அச்சிட்டார். அந்த நேர்மையால்தான் பல பத்தாண்டுகள் கழித்து அயர்லாந்து வானிலை அறிஞர் பீட்டர் லிஞ்ச் அதே கணக்கை மறுபடி எடுத்துப் போட்டுப் பார்க்க முடிந்தது. சமன்பாடுகளில் பெரிய குற்றம் இல்லை. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட அளவீடுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்த முரண்பாடு கணக்குக்குள் பேரலையாகக் கிளம்பிவிட்டது. அளவீடுகளைச் சமன்செய்துவிட்டு ரிச்சர்ட்சனின் வழியிலேயே போட்டபோது நியாயமான விடை வந்தது. ஆக, எண்முறை வானிலைக் கணிப்பின் முதல் தோல்வியில் பழி விதிகள்மேல் இல்லை. காற்று இப்போது எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு நம்மிடம் இருந்த பதில்தான் சரியில்லை.

அதற்குப் பிந்தைய கதையைச் சுருக்கிவிடுகிறேன். 1950இல் அமெரிக்காவில் சார்னி, ஃபியோர்ட்டாஃப்ட், ஃபான் நாய்மன் மூவரும் எனியாக் கணினியில் 24 மணி நேரக் கணிப்பைப் போட்டார்கள். கணக்கு முடியவும் கிட்டத்தட்ட 24 மணி நேரம் ஆனது. 1961இல் எட்வர்டு லாரன்ஸ் தன் கணினியில் 0.506127 என்று கொடுக்க வேண்டிய எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பழைய விடைக்கும் புதிய விடைக்கும் சம்பந்தமே இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாடு கொஞ்ச காலத்தில் முழு வானிலையையும் திருப்பிவிடும் என்பதை 1963இல் எழுதினார். அன்றாட வானிலையைச் சுமார் இரண்டு வாரத்துக்கு மேல் சொல்ல முடியாது என்ற எல்லை அந்த வழியில்தான் வந்தது.

அந்த எல்லைக்குள்ளே நடந்த முன்னேற்றம் சாதாரணமானதல்ல. பத்தாண்டுக்கு ஒரு நாள் வீதம் கணிப்பு முன்னேறியிருக்கிறது என்று 2015இல் பவர், தோர்ப், புரூனே மூவரும் நேச்சர் இதழில் கணக்குக் காட்டினார்கள். அதாவது, இன்றைய ஐந்தாம் நாள் கணிப்பு, பத்து வருடத்துக்கு முந்தைய நான்காம் நாள் கணிப்பின் தரத்தில் இருக்கும். ஒடிசாவில் 1999 பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013இல் அதே கரைக்கு பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்த முடிந்தது, உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. அப்புறப்படுத்தியவர்கள் அதிகாரிகளும் ஊர்மக்களும். அவர்களுக்கு நான்கு நாள் அவகாசம் வாங்கிக் கொடுத்தது கணிப்பு.

இனி நம் இயந்திரத்துக்கு வருவோம்.

2022இல் என்விடியாவின் ஃபோர்காஸ்ட்நெட், 2023இல் ஹுவாவேயின் பாங்கு, அதே ஆண்டு கடைசியில் கூகுள் டீப்மைண்டின் கிராப்காஸ்ட் என்று வரிசையாக வந்தன. கவனியுங்கள், இந்த மூன்றில் ஒன்றுகூட வானிலை நிறுவனம் இல்லை. கிராப்காஸ்ட் வேலை செய்யும் விதம் சொல்லக் கேட்டால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். இப்போதைய உலக வானிலை, ஆறு மணி நேரத்துக்கு முந்தைய உலக வானிலை, இரண்டையும் கொடுக்க வேண்டும். அடுத்த ஆறு மணி நேரத்துக்கான நிலையை அது சொல்லும். சொன்னதையே மறுபடி உள்ளே கொடுத்தால் அதற்கடுத்த ஆறு மணி நேரம். இப்படி நாற்பது முறை செய்தால் பத்து நாள். ஒரே ஒரு சில்லுக் கருவியில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பழைய முறைக்கு இதே வேலைக்கு ஒரு கட்டடம் நிறையக் கணினி வேண்டும். சரிபார்த்த 1,380 அளவைகளில் 90 சதவீதத்தில் ஐரோப்பிய மையத்தின் முதன்மைக் கணிப்பை கிராப்காஸ்ட் வென்றதாக சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. 2023 செப்டம்பரில் லீ என்ற அட்லாண்டிக் புயல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கரையேறும் என்பதை அது சுமார் ஒன்பது நாள் முன்பே பிடித்துவிட்டது. பழைய முறைகளுக்கு ஆறு நாள் முன்புதான் அந்தத் தெளிவு வந்தது.

கிராப்காஸ்ட் படித்தது எதை? ஈஆர்ஏ5 என்ற தொகுப்பை. இதைத் தயாரித்ததும் அதே ஐரோப்பிய மையம்தான். பூமியை ஏறக்குறைய 31 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, தரையிலிருந்து மேலே 137 அடுக்குகளில், 1940 முதல் இன்றுவரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வானிலை எப்படி இருந்தது என்று எழுதிய பிரம்மாண்டமான பேரேடு அது. கிராப்காஸ்ட் படித்த பகுதி 1979 முதல் 2017 வரை, 39 ஆண்டுகள்.

அந்தப் பேரேட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1979இல் தெற்கு இந்தியப் பெருங்கடலின் நடுவில் யார் போய் ஒவ்வொரு மணி நேரமும் காற்றை அளந்தார்கள்? யாரும் இல்லை. ஒரு கப்பல் போகிற வழியில் ஓர் அளவு எடுத்திருக்கும், ஒரு செயற்கைக்கோள் மேலே கடந்திருக்கும், அவ்வளவுதான். இடைவெளிகளை நிரப்பியது பழைய இயற்பியல் மாதிரி. கிடைத்த அளவீடுகளையும் சமன்பாடுகளையும் ஒன்றோடொன்று பொருத்தி, இந்த அளவுகள் வர வேண்டுமானால் மற்ற இடங்களில் காற்று இப்படித்தான் இருந்திருக்க முடியும் என்று கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே நியூட்டனைத் தெரியாத இயந்திரம் படித்த புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நியூட்டன் இருக்கிறார். இயற்பியலை வீழ்த்திவிட்டது என்று தலைப்புப் போட்டவர்கள், வீழ்த்தியவர் யாருடைய மாணவர் என்று கேட்கவில்லை. அன்றாடக் கணிப்புக்கும் இதே நிலைமைதான். தொடங்க வேண்டிய "இப்போதைய உலக வானிலை"யை இன்றும் அந்த இயற்பியல் மாதிரிதான் தயாரித்துக் கொடுக்கிறது. 2025 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் குழுவினர் வெளியிட்ட ஆர்ட்வார்க் என்ற மாதிரி, அளவீடுகளிலிருந்து நேராகவே கணிப்புக்குப் போகலாம் என்று காட்டியது. நல்ல தொடக்கம். ஆனால் அதுவும் பாடம் படித்தது இதே பேரேட்டில்தான்.

மாணவர் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகம் இல்லை. குறைகளையும் பார்த்துவிடுவோம்.

முதல் குறை மழுப்பல். தன் கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தைக் குறைக்கும்படி பயிற்சி கொடுத்தால், இயந்திரம் ஒரு தந்திரத்தைக் கற்றுக்கொள்கிறது. மழை கடலூரிலா நாகப்பட்டினத்திலா என்று உறுதியில்லை என்றால், இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் என்று சொல்லிவிடும். மதிப்பெண் அதிகம் போகாது. ஆனால் ஓரிடத்தில் கொட்டித் தீர்த்து இன்னோரிடத்தில் வெயில் அடிக்கிற உண்மை அதில் இருக்காது. இதைத் தீர்க்கத்தான் 2024 டிசம்பரில் டீப்மைண்ட் ஜென்காஸ்ட் என்ற அடுத்த மாதிரியைக் கொண்டுவந்தது. அது ஒரே விடை சொல்லாது. ஒன்றுக்கொன்று மாறுபட்ட, ஆனால் ஒவ்வொன்றும் நடக்கக்கூடிய பல எதிர்காலங்களைத் தரும். பதினைந்து நாளுக்கான ஓர் எதிர்காலம் எட்டு நிமிடத்தில் தயார். ஐரோப்பிய மையமும் 2025 ஜூலை 1 முதல் 51 கணிப்புகள் கொண்ட இப்படி ஒரு தொகுப்பை செயற்கை நுண்ணறிவு வழியில் வெளியிடுகிறது. இயற்பியல் வழியில் 1992 முதலே செய்துவருகிற வேலைதான் இது.

இந்தத் தொகுப்புக் கணிப்பு நமக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஃபெஞ்சல் புயலே சாட்சி. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய அது, ஏறின பிறகும் நகராமல் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை, புதுச்சேரியில் 48க்கும் மேல். அடுத்த நாள் எங்கோ உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50. சென்னையில் விமான நிலையத்தை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தோம், கொட்டியது தெற்கே. ஒற்றைக் கோடாக வரைந்த புயல் பாதையைப் பார்க்கிறவர், கோட்டுக்கு வெளியே இருப்பவர் தப்பித்தார் என்று நினைத்துக்கொள்கிறார். 51 கோடுகளைப் பார்த்தால் அப்படி நினைக்கத் தோன்றாது. நம் தொலைக்காட்சிகள் இந்த 51 கோடுகளைக் காட்டப் பழக வேண்டும். ஒற்றைக் கோட்டைச் சிவப்பில் வரைந்து பின்னணி இசை போடுவது செய்தி அல்ல.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மற்ற சிலரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். 2025இல் வெளியானது. பயிற்சிக்கான பேரேட்டிலிருந்து மூன்றாம் வகை முதல் ஐந்தாம் வகை வரையுள்ள கடும் சூறாவளிகளை எல்லாம் நீக்கிவிட்டு, மெலிந்த புயல்களை மட்டும் காட்டி ஃபோர்காஸ்ட்நெட்டுக்குப் பாடம் நடத்தினார்கள். பிறகு, ஐந்தாம் வகைப் புயலாக வளரப்போகும் ஒரு நிலையைக் கொடுத்து, என்ன ஆகும் என்று கேட்டார்கள். புயல் வரும், ஆனால் மெலிந்ததாகவே இருக்கும் என்று அது சொன்னது. எந்தத் திசையில் பிழை செய்கிறது என்பதுதான் அச்சமூட்டுகிறது. வராத புயலை வரும் என்று சொன்னால் ஒரு நாள் வேலை கெடும். வரப்போகும் பெரும்புயலைச் சிறிது என்று சொன்னால் உயிர் போகும்.

ஆறுதலான விஷயமும் அதே ஆய்வில் இருந்தது. ஒரு கடலின் கடும்புயல்களை மட்டும் நீக்கி மற்றக் கடலின் கடும்புயல்களைக் காட்டியிருந்தால், பார்க்காத கடலிலும் அதனால் கடும்புயலைச் சொல்ல முடிந்தது. ஓரிடத்தில் பார்த்ததை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத் தெரிகிறது. எங்கேயும் பார்க்காததைத்தான் அதனால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

எங்கேயும் பார்க்காதது என்றால் உங்களில் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். அது தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அதிகம். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் பெய்தால் ஒரு கோடி லிட்டர். அப்படியானால் அன்று காயல்பட்டினத்தில் ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் 95 கோடி லிட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. இத்தனைக்கும் அது புயல்கூட இல்லை, குமரிக்கடல் பகுதியில் நிலவிய ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. கனமழை எச்சரிக்கை இருந்தது, 95 என்ற எண் யாரிடமும் இல்லை. எச்சரிக்கை எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்று மத்திய, மாநில அரசுகள் வாரக்கணக்கில் வாதிட்டுக்கொண்டன. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

நான் கேட்பது வேறு. இந்த ஒரு நாள் அந்தப் பேரேட்டில் எப்படிப் பதிவாகியிருக்கும்? காயல்பட்டினமும் திருச்செந்தூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 31 கிலோமீட்டர் கட்டம் என்றால் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் அடங்கும் தூரம்தான். கட்டத்துக்கு ஓர் எண்தான். 95 அந்தச் சராசரியில் கரைந்துபோகும். ஆக, அடுத்த தலைமுறை இயந்திரம் இந்த நாளைப் படித்தாலும் 95ஐப் படிக்காது. அன்றைய மழைக்கு உண்மையான சாட்சி காயல்பட்டினத்து மழைமானி ஒன்றுதான். இந்தியாவின் இயற்பியல் மாதிரி 2025 மே 26 முதல் 6 கிலோமீட்டர் கட்டத்துக்கு வந்திருக்கிறது. பாரத் கணிப்பு அமைப்பு என்று பெயர், புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் உருவானது, முன்பு 12 கிலோமீட்டராக இருந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 6 கிலோமீட்டருக்கு ஒன்று என்று கணக்குப் போடுகிற மாதிரிக்கு 6 கிலோமீட்டருக்கு ஒன்று என்று மழைமானி இருக்கிறதா என்பதை அடுத்த கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்க நிலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மையில் ஒரு விசித்திரமான சான்று கிடைத்திருக்கிறது. 2021 ஜூன் கடைசியில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பெரும் வெப்ப அலை வீசியது. கனடாவின் லிட்டன் என்ற ஊரில் 49.6 டிகிரி செல்சியஸ். பத்து நாள் முன்பே சொன்ன கணிப்புகள் அவ்வளவு சூட்டை எதிர்பார்க்கவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கிராப்காஸ்டை எடுத்து, தொடக்க நிலையில் எந்தச் சிறிய திருத்தம் செய்திருந்தால் சரியான விடை வந்திருக்கும் என்று பின்னோக்கித் தேடினார்கள். அளவீடுகளில் வழக்கமாக இருக்கும் பிழை அளவுக்கான சின்னச் சின்னத் திருத்தங்களிலேயே பத்தாம் நாள் பிழை 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. விடை தெரிந்த பிறகு போட்ட கணக்கு இது என்பதை மறக்கக் கூடாது. லாரன்ஸ் சொன்ன எல்லை உடைந்துவிட்டது என்று சிலர் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிறு மாறுதல் பெரிதாக வளரும் அந்த வேகத்தையே இத்தகைய மாதிரிகள் சரியாகக் காட்டுவதில்லை என்று ஜெர்மனி ஆய்வாளர்கள் 2023லேயே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஒன்று தெளிவு. கணக்கு ரிச்சர்ட்சன் காலத்தைப் போலவே இன்றும் தொடக்க அளவீட்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த அளவீடு எப்படி வருகிறது? மீனம்பாக்கத்தில் தினமும் அதிகாலையிலும் மாலையிலும் ஹைட்ரஜன் நிரப்பிய ஒரு பலூனைப் பறக்கவிடுகிறார்கள். காலை ஐந்தரை, மாலை ஐந்தரை அளவுக்காக. உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான நிலையங்களில் ஒரே நேரத்தில் இதே வேலை நடக்கிறது. பலூனுக்குக் கீழே நூலில் ஒரு சிறிய டப்பா தொங்கும். வெப்பம், ஈரம், அழுத்தம் மூன்றையும் அளந்து ரேடியோவில் கீழே சொல்லிக்கொண்டே போகும், காற்று அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதிலிருந்து காற்றின் வேகம் தெரியும். மேலே போகப் போக வெளியழுத்தம் குறைந்து பலூன் உப்பிக்கொண்டே வரும், 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடிக்கும். டப்பா பெரும்பாலும் திரும்பி வராது. செயற்கைக்கோள்கள் தரும் கோடிக்கணக்கான எண்களோடு ஒப்பிட்டால் இதன் பங்கு கொஞ்சம். ஆனால் செயற்கைக்கோள் சொல்வது சரிதானா என்று பார்க்க உரைகல்லாக நிற்பது இந்த டப்பாதான்.

இந்த வேலைக்கு விளம்பரம் கிடையாது. பணம் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைப்பதும் இதில்தான். 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆள் பற்றாக்குறையால் அலாஸ்காவின் கோட்செபூ, நெப்ராஸ்காவின் ஓமஹா போன்ற நிலையங்களில் பலூன் விடுவதை நிறுத்தினார்கள். செயற்கை நுண்ணறிவுக் கணிப்பைப் பற்றி அந்த நாட்டு நிறுவனங்கள் ஆய்விதழ்களில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த அதே காலம்! நமக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலில் அளவீட்டு மிதவைகளை மிதக்கவிட்டிருக்கிறது. மிதவையைச் சுற்றி மீன் கூடும். அதனால் படகுகளும் கூடும், கருவிகள் சேதமாகும், சில சமயம் காணாமலும் போகும். புயல் வரும்போது முதலில் பலன் பெற வேண்டியவர்கள் அந்த மீனவர்கள்தான் என்பதை அவர்களிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறோமா என்றால், போதுமான அளவுக்கு இல்லை.

அளவீட்டைப் பேணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. 2025இல் தென்மேற்குப் பருவமழை மே 24 அன்றே கேரளத்தில் தொடங்கியது, இரண்டே நாளில் மும்பைக்குப் போனது. இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று விதைத்தால் கெட்டோம். மாதக் கடைசியில் அது அப்படியே நின்றுவிட்டது, ஜூன் நடுப்பகுதி வரை நகரவில்லை. அந்த இடைநிற்றலை முன்கூட்டியே காட்டிய கணிப்பு, மத்திய வேளாண் அமைச்சகத்தின் வழியாக 13 மாநிலங்களில் சுமார் 3 கோடியே 88 லட்சம் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாகப் போனது. அதில் கூகுளின் நியூரல்ஜிசிஎம் இருந்தது, ஐரோப்பிய மையத்தின் செயற்கை நுண்ணறிவு மாதிரியும் இருந்தது. மூன்றாவதாக ஒன்றும் இருந்தது: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 125 ஆண்டு மழைப் பதிவு. தாலுகா அலுவலகத்திலும் பயணியர் விடுதியிலும் தினம் காலையில் மழைமானியைத் திறந்து, அளவுக் குவளையில் ஊற்றி, நோட்டில் எழுதிவைத்த யார் யாரோ ஊழியர்களின் கணக்கு அது. அவர்களில் பலர் வெள்ளைக்காரன் காலத்து ஆட்கள். எழுதும்போது இது எதற்கு உதவும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆகவே இயந்திரம் வாங்குவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இந்த மாதிரிகள் பலவற்றின் நிரல்கள் பொதுவெளியில் கிடக்கின்றன, ஒரு நல்ல கல்லூரி ஆய்வகத்தில் இயக்கிப் பார்க்கலாம். ஐரோப்பியர்கள் அந்தப் பேரேட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவைத்ததால்தான் சீனத்து நிறுவனமும் அமெரிக்க நிறுவனமும் இதைச் செய்ய முடிந்தது. நம் காசிலே வாங்க முடியாதது, நம் ஊர் மழையின் பதிவு ஒன்றுதான்.

அரசிடம் ஒரு கோரிக்கை, உங்களிடம் ஒரு கோரிக்கை. மாநில அரசும் மத்திய அரசும் தங்களிடமுள்ள மழைமானி, ரேடார், மிதவைப் பதிவுகளைப் பழையதும் புதியதுமாக எல்லோரும் பதிவிறக்கும்படி ஒரே இடத்தில் வைக்க வேண்டும். துறைக்குத் துறை கடிதம் எழுதி வாங்குகிற நிலை போக வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ மழைமானி இருந்தால், மரத்தடியிலிருந்தும் சுவர் ஓரத்திலிருந்தும் அதைத் திறந்தவெளிக்கு மாற்றுங்கள். காலை எட்டரை மணிக்கு, மழை பெய்யாத நாளிலும் பூஜ்ஜியம் என்று எழுதுங்கள். நோட்டு முடிந்தால் தூக்கிப் போடாதீர்கள்.